பெயரட்டை இல்லாத ஆர்க்கிட்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய இரண்டு ஆசிரியர்களும் கீரைப் பாத்தி, முருங்கை, மண்புழு உரம் என்று சத்துணவுக் கூடத்துக்கு நேராகப் போய்ச் சேரும் விஷயங்களைச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது சட்டியில் போட முடியாத ஒரு செடி. பள்ளித் தோட்டத்தில் அதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நாம் தேடிப் போகவில்லை, அதுவாகவே பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் பதில்.

பணிநிறைவுப் பாராட்டு விழா, ஆண்டு விழா, சிறப்பு விருந்தினர் வருகை என்று எல்லாவற்றிலும் பொன்னாடைக்குப் பதில் செடி கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. நல்ல வழக்கம். அப்படி வரும் செடிகளில் இப்போது ஆர்க்கிட்டும் ஒன்று. கண்ணாடித்தாள் சுற்றி, பூவோடு வரும். தலைமையாசிரியர் மேசையில் ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம்கூட வாடாமல் நிற்கும். கடைசிப் பூவும் உதிர்ந்ததும், அக்கறையுள்ள யாராவது ஒருவர் அதை எடுத்துப்போய், தொட்டியிலிருந்து கழற்றி, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த குழியில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார். கொஞ்ச நாளில் செடி அழுகிப் போய்விடும். நான் போய்வந்த பள்ளிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கவனிக்காமல் விட்டுச் செத்த ஆர்க்கிட்டைவிட, கவனித்துக் கவனித்தே செத்த ஆர்க்கிட்தான் அதிகம்.

எங்கள் பள்ளி சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. வேப்பமரத்தடியில் ஒரு நிழல்வலை கட்டி, அதற்குக் கீழே இப்போது 14 தொட்டிகள் வைத்திருக்கிறோம். எல்லாமே கலப்பின ஆர்க்கிட்டுகள். அவற்றில் 2 தொட்டிகளுக்குத்தான் முழுப் பெயர் தெரியும். மற்ற 12 தொட்டிகளிலும் ‘பெயர் தெரியாது’ என்று எழுதிய அட்டை செருகியிருக்கிறது. அந்த அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு, பிறகு பராமரிப்புக்கு வருகிறேன்.

ஒரு குழந்தையைச் சேர்க்கைக்குக் கூட்டி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லை. குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்து, மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று கணக்குப் போட்டு, அப்பா அம்மா பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிவிடுவோமா? கலப்பின ஆர்க்கிட்டின் பெயரும் அப்படிப்பட்ட ஒரு பதிவுதான். பூ சிவப்பா வெள்ளையா என்று பார்த்து வைக்கிற பெயர் அல்ல. இன்ன செடிக்கும் இன்ன செடிக்கும் பிறந்தது என்பதற்கான பெயர்.

நர்சரியிலிருந்து முறையாக வரும் செடியின் அட்டையில் பெயர் மூன்று துண்டாக இருக்கும். முதலில் பேரினம். அடுத்து, குறிப்பிட்ட இரு பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் அத்தனைக்கும் பொதுவான பெயர். இதற்குக் கிரெக்ஸ் என்று பெயர். லத்தீனில் மந்தை என்று பொருள். கடைசியாக, ஒற்றை மேற்கோள் குறிக்குள், அந்த மந்தையிலிருந்து பொறுக்கியெடுத்த தனிச் செடியின் பெயர். கல்யாண மேடைகளில் ஊதாவும் வெள்ளையுமாகச் சரம் சரமாகக் கட்டுகிறார்களே, அதில் பெரும்புகழ் பெற்றது டென்ட்ரோபியம் சோனியா. சீசர் என்ற கலப்பினத்துக்கும் டோமி டிரேக் என்ற கலப்பினத்துக்கும் பிறந்தது. சோனியா 17, சோனியா 28 என்று எண் போட்டு விற்பதெல்லாம் அந்த மந்தைக்குள் தேர்ந்தெடுத்தவை. பூக்கடைக்காரரைக் கேட்டால் எல்லாவற்றையும் ‘ஆர்க்கிட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அவர் வியாபாரத்துக்கு அது போதும்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். ஒரே காயின் விதையிலிருந்து வந்த அண்ணன் தம்பிகளில் ஒருவன் வெளுப்பாகவும் ஒருவன் அடர் ஊதாவாகவும் இருக்கலாம், பெயர் ஒன்றுதான். வேறு வேறு பெற்றோருக்குப் பிறந்த இரண்டு செடிகள் அச்சில் வார்த்தது போல ஒரே பூவைப் பூக்கலாம், பெயர் வேறு. பதிவு செய்யப்பட்ட ஆர்க்கிட் கலப்பினங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டிதான் உலகம் முழுமைக்கும் இந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது. இந்த ஒரு லட்சத்தில் நம் கையில் இருப்பது எது என்று பூவை மட்டும் பார்த்துச் சொல்ல, பழுத்த ஆர்க்கிட் வளர்ப்பாளராலும் முடியாது. அட்டை தொலைந்தால் பெயரும் தொலைந்தது.

இந்தக் குழப்பம் தொடங்கிய கதையும் சுவையானது. 1856இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரத்தில், வீச் நர்சரியில் வேலை பார்த்த ஜான் டொமினி என்பவர் கைப்பட மகரந்தம் சேர்த்து உண்டாக்கிய கலாந்தே கலப்பினம் முதன்முதலாகப் பூத்தது. மனிதர் உண்டாக்கிய ஆர்க்கிட் கலப்பினங்களில் முதலில் பூத்தது அதுதான். எப்படிச் சேர்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஜான் ஹாரிஸ் என்ற அறுவை மருத்துவர். ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், செம்பருத்தியில் காட்டுவது போல மகரந்தத்தாள் தனி, சூல்தண்டு தனி என்று ஆர்க்கிட்டில் காட்ட முடியாது. இரண்டும் சேர்ந்து ஒரே தூணாக இருக்கும். மகரந்தமும் தூளாக இல்லாமல் சின்ன உருண்டைகளாகத் தூணின் நுனியில் ஒரு மூடிக்குள் இருக்கும். ஒரு குச்சியின் நுனியால் அந்த மூடியைத் தூக்கினால் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் இதைச் செய்து காட்டிப் பாருங்கள், மகரந்தச் சேர்க்கைப் பாடத்துக்கு வேறு படம் வேண்டியதில்லை. டொமினியின் செடியைப் பார்த்த தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, இனித் தாவரவியலாளர்களுக்குப் பைத்தியம்தான் பிடிக்கப்போகிறது என்கிற பொருளில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அவர் பயந்தது வீண்போகவில்லை.

அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஆர்க்கிட் பணக்காரர் வீட்டுப் பூவாகத்தான் இருந்தது. அதன் விதை தூசி போன்றது. முளைக்கும் கருவுக்கு ஊட்டமாகக் கருவூண் திசு இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகார் கூழில், பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைத்துக் காட்டினார். 1960இல் பிரான்சின் ஜார்ஜ் மொரெல், ஆர்க்கிட்டின் தண்டு நுனியிலிருந்து ஒரே மாதிரியான செடிகளைப் பெருக்க முடியும் என்று காட்டினார். இந்த இரண்டும் நடக்காமல் இருந்திருந்தால் பாராட்டு விழாவில் நம் கைக்கு ஆர்க்கிட் வந்திருக்காது. திசு வளர்ப்பு என்று பாடத்தில் நான்கு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த நான்கு வரி மேசைமேல் பூத்து நிற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சரி, ‘பெயர் தெரியாது’ அட்டைக்கு வருகிறேன். எங்கள் பள்ளி மரங்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயரும் தாவரவியல் பெயரும் எழுதிய பலகை உண்டு. ஒருமுறை பள்ளிப் பார்வைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்ததும், ஆர்க்கிட் தொட்டிகளுக்கும் பெயர் எழுதிவிடச் சொன்னார் தலைமையாசிரியர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு போய், செடியைப் படம்பிடித்தால் பெயர் சொல்லும் செயலியில் பார்த்தார்கள். ஒரே பூவை மூன்று பக்கத்திலிருந்து எடுத்த படத்துக்கு மூன்று பெயர் வந்தது. மூன்றிலும் பேரினம் டென்ட்ரோபியம். அதற்குப் பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. எதை எழுதுவது என்று அவர்களுக்குள் வாக்குவாதம். ஒரு பிள்ளை மட்டும், “டீச்சர், மூணுமே தப்பா இருந்தா?” என்று கேட்டாள்.

அன்று பிள்ளைகளே முடிவு செய்து எழுதிய வாசகம் இது: ‘டென்ட்ரோபியம் கலப்பினம். பெயர் தெரியாது. பூ: ஊதா, உதட்டில் வெள்ளை. விழாவில் பரிசாக வந்தது.’ அதன் கீழே வந்த தேதி. தலைமையாசிரியருக்கு மனம் ஒப்பவில்லை. “பள்ளிக்கூடத்திலேயே தெரியாதுன்னு எழுதி வைக்கிறதா டீச்சர்?” என்றார். சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எழுத்து மாறினாலும் விடாதவர் அவர். நான் அந்தப் பதிவேட்டையே உதாரணமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப தேதியை மட்டும் சரியா எழுதச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பார்வைக்கு வந்தவர்கள் வேறு எந்தப் பலகைக்கு முன்னாலும் நிற்கவில்லை, இதற்கு முன்னால்தான் நின்றார்கள்.

அட்டை பற்றி ஒரு சின்ன நடைமுறை: ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் இரண்டு மழையில் போய்விடும். ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியைப் பட்டையாக வெட்டி, சொரசொரப்பாகத் தேய்த்து, பென்சிலால் எழுதுங்கள். ஆண்டுக்கணக்கில் நிற்கும். நர்சரி அட்டையோடு வந்த செடி என்றால், முதல் வேலையாக அந்தப் பெயரை ஒரு நோட்டிலும் எழுதி வைத்துவிடுங்கள். அட்டையைப் பிடுங்கி விளையாடாத பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை.

முழுப் பெயர் தெரியாவிட்டாலும் செடியை வளர்க்க முடியும். அதற்குப் பேரினம் தெரிந்தால் போதும், அது பூ இல்லாமலே தெரியும். பேரினத்துக்கும் சில சமயம் இரண்டு மூன்று இனங்கள் கலந்த கலப்பினம் வரும். ஆனாலும் உடம்பைப் பார்த்து இன்ன சாயல் என்று சொல்லிவிடலாம்.

முதலில் தண்டைப் பாருங்கள். ஒரே தண்டு மேலே மேலே போய், உச்சியில் புது இலை விட்டுக்கொண்டே இருக்கிறதா? அல்லது அடியில் பக்கத்துக்குப் பக்கம் புதுப் புதுத் தண்டாக முளைத்து வாழைக்கட்டை போலப் பரவுகிறதா? இந்த ஒரு கேள்வியிலேயே கடையில் கிடைக்கும் ஆர்க்கிட்டுகள் இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஒற்றைத் தண்டு, ஆனால் தண்டே தெரியாத அளவுக்குக் குட்டை, தடித்த அகல இலைகள் நான்கைந்து எதிரெதிராக, பூங்கொத்து வில் போல வளைந்து, பட்டாம்பூச்சி போன்ற தட்டையான பூக்கள் என்றால் அது ஃபெலனாப்சிஸ். மேசைப் பரிசாக வருவது பெரும்பாலும் இதுதான். ஒற்றைத் தண்டு உயரமாகப் போய், இருபுறமும் பட்டை பட்டையான இலைகள், பக்கவாட்டில் கயிறு போன்ற தடித்த வேர்கள் காற்றில் தொங்கினால் வாண்டா அல்லது அதன் சொந்தம். தொற்றுத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டு வாண்டா என்று எழுதிப்போட்டே பழகியவர்கள் நாம். ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். மொகாரா என்று விற்பதும் இந்த வீட்டுப் பிள்ளைதான். இலை பட்டையாக இல்லாமல் பென்சில் போல உருண்டிருந்தால், சிங்கப்பூரின் தேசிய மலர் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் பெயர் கொண்ட அந்த மலரும் ஒரு கலப்பினம். 1893இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி அதை வெளியுலகுக்கு அறிவித்தார். 1981இல் தேசிய மலரானது. வாண்டா என்றே அழைத்துவந்த அதைப் பின்னாளில் பாப்பிலியோனாந்தே என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாட்டுக்கே அடையாளமான பூவுக்கும் பெயர் மாறுகிறது.

பக்கத்துக்குப் பக்கம் முளைப்பவற்றில், கரும்பு போலக் கணுக்கணுவாக நிமிர்ந்த தண்டு என்றால் டென்ட்ரோபியம். பூ இருந்தால் பின்புறம் திருப்பிப் பாருங்கள். கீழே முகவாய்க்கட்டை போல ஒரு புடைப்பு இருக்கும். இதிலும் இரண்டு வகையைப் பிரிக்கத் தெரிந்துகொள்வது நமக்கு முக்கியம். தண்டின் உச்சியிலிருந்து நீளமான கொத்தாகப் பூத்தால், அதன் முன்னோரில் முக்கியமானது வட ஆஸ்திரேலியா, நியூகினி பகுதியின் டென்ட்ரோபியம் பைகிப்பம். வெயில் நாட்டுக்காரன். நம் சமவெளிக்குச் சொல்லிவைத்தது போலப் பொருந்தும். அப்படியில்லாமல், தண்டு நெடுகக் கணுவுக்குக் கணு இரண்டு மூன்றாகப் பூத்தால், அது இமயமலைப் பக்கத்து டென்ட்ரோபியம் நோபிலேயின் வழி. சிக்கிமின் மாநில மலர் அது. அதன் பிள்ளைகளுக்குக் குளிரும் கொஞ்சம் வறட்சியும் வந்தால்தான் பூ. சமவெளியில் தழைத்து வளர்ந்து, பூ வர வேண்டிய கணுவிலெல்லாம் குட்டிச் செடியாக விடும்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் தட்டையான முட்டை போன்ற குமிழ், மெல்லிய இலை, பாவாடை விரித்து ஆடுவது போன்ற சின்ன மஞ்சள் பூக்கள்: ஒன்சிடியம். தடித்த குமிழ்த்தண்டின் உச்சியில் தோல் போன்ற ஒன்றிரண்டு இலை, கையகலப் பூ, உதடு சுருண்டு தூணை மூடியிருக்கும்: கேட்லியா.

இப்போது பராமரிப்பு. இதில் எனக்கு ஒரே ஆசிரியர் வேர்தான்.

ஆர்க்கிட் வேரின் மேல் வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்து வேர் வெள்ளியாகத் தெரியும். நனைந்ததும் உறை கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். தெளிப்பானால் ஒரு முறை தெளித்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னால், வெள்ளை வேர் கண் முன்னாலேயே பச்சையாக மாறும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது மந்திரம் மாதிரி. எங்கள் பள்ளியின் தண்ணீர் விதி இதிலிருந்து வந்ததுதான்: வேர் வெள்ளை என்றால் ஊற்றலாம், பச்சை என்றால் ஊற்றக் கூடாது. முறைக்கு வரும் பிள்ளை காலையில் வேரைப் பார்த்து, நோட்டில் ‘வெள்ளை, ஊற்றினேன்’ அல்லது ‘பச்சை, ஊற்றவில்லை’ என்று எழுத வேண்டும். ஊற்றாமல் திரும்புவது பிள்ளைகளுக்கு மிகக் கடினம். முறை வந்தும் குடத்தைத் தூக்காமல் போனால் வேலையே செய்யாதது போல நினைக்கிறார்கள். ‘ஊற்றவில்லை’ என்று எழுதியதற்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் செடிகள் பிழைத்தன. சித்திரை வெயிலில் சில தொட்டிக்கு ஒரே நாளில் இருமுறை வேண்டியிருக்கும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் முழுக்கப் ‘பச்சை’ என்றே இருக்கும். ஏழாம் வகுப்பில் அந்த நோட்டை வைத்து மாதவாரியாகப் பட்டை வரைபடம் போட்டார்கள். கணக்கு ஆசிரியருக்கு ஒரு பாடம் மிச்சம்.

வேரைப் பார்க்க வேண்டும் என்றால் அது தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். மண்ணில் புதைத்தால் தெரியாது, மூச்சும் விடாது. மரக்கிளையில் ஒட்டி வாழ்ந்த குலம் அது. அடுப்புக்கரித் துண்டு, ஓட்டாஞ்சில்லு, ஊறவைத்த தேங்காய் மட்டைத் துண்டு, இவற்றை விரல் பருமனுக்கு உடைத்து, பக்கவாட்டிலும் துளை உள்ள தொட்டியில் போட்டு, செடி ஆடாமல் கட்டி வைத்தால் போதும். மட்டையைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டுங்கள். துவர்ப்பும் உப்பும் போய்விடும். மழை அதிகமுள்ள ஊர் என்றால் மட்டையைக் குறைத்துக் கரியைக் கூட்டுங்கள். வாண்டாவுக்கு இதுவும் வேண்டாம், வெறும் கூடையில் தொங்கவிட்டுத் தினமும் நனைத்தால் போதும்.

உப்புத் தண்ணீர் இன்னொரு பிரச்சினை. நம்மில் பலருடைய பள்ளியில் ஆழ்துளைக் கிணறுதான். தொட்டி விளிம்பிலும் கரித்துண்டு மேலும் வெள்ளைப் படலம் படிந்தால், வேர்நுனி கருகப்போகிறது என்று பொருள். கூரையிலிருந்து வடியும் மழைநீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்திருக்கிறோம். தொட்டிச் செடிகளுக்கு அது பெரும்பாலும் போதுமாக இருக்கிறது. தீர்ந்துபோன நாட்களில் கிணற்றுத் தண்ணீர்தான், ஆனால் அடுத்த மழைக்குத் தொட்டிகளை வெளியே தூக்கி வைத்து உப்பைக் கழுவவிடுவோம். உரம் என்றால் தண்ணீரில் கரையும் 19:19:19, லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை, நனைந்த வேர்மேல் மட்டும். சாணக் கரைசலைக் கொண்டுவந்து ஊற்ற ஆள் வருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

வெளிச்சம் எவ்வளவு என்பதை இலை சொல்லும். கரும்பச்சையாக, மெத்தென்று இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூ வராது. மஞ்சள் பாய்ந்து விறைத்தால் அதிகம். புல்லின் இளம்பச்சை சரி. டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல்வலை பொருந்துகிறது, ஃபெலனாப்சிஸுக்கு 75. ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் குருத்து அழுகும், காலையிலேயே துணி முனையால் ஒற்றிவிட வேண்டும்.

ஃபெலனாப்சிஸ் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அது மறுபடி பூத்தண்டு விட, சில வாரங்களாவது பகலே 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஏற்காட்டில் பணிபுரியும் என் தோழியின் பள்ளியில் ஜன்னலோரத்தில் வைத்தே ஆண்டுதோறும் பூக்கிறது. அதே நாளில் வாங்கிய எங்கள் செடி அடிவாரத்தில் இலை மேல் இலையாக விட்டுக்கொண்டிருக்கிறதே தவிரப் பூக்கவில்லை. நோய் ஒன்றும் இல்லை, இடம் அப்படி. சமவெளிப் பள்ளியில் முதல் ஆர்க்கிட் வாங்குவதாக இருந்தால், உச்சியில் கொத்தாகப் பூக்கும் டென்ட்ரோபியமாக வாங்குங்கள்.

டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்துவிட்டது என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்ட வேண்டாம். சுருங்கிப் பழுப்பாகும் வரை அது உணவுக் கிடங்கு. சில சமயம் மொட்டைத் தண்டிலேயே மறுபடி பூ வரும். அதன் கணுவில் குட்டிச்செடி முளைத்தால் கெய்க்கி என்பார்கள், ஹவாய் மொழியில் குழந்தை. அதன் வேர் ஒரு விரல் நீளம் வந்ததும் பிரித்துத் தனியாக வைக்கலாம். விதையிலிருந்து வந்தது அல்ல, தாயின் உடம்பே என்பதால் தாயின் அட்டையில் உள்ளதை அப்படியே குட்டியின் அட்டையிலும் எழுதலாம். தாய்க்குப் பெயர் தெரியாவிட்டால் குட்டிக்கும் தெரியாது. பாலில்லா இனப்பெருக்கத்தை இதைவிடத் தெளிவாக நான் நடத்தியதில்லை.

பிரிக்கும் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள். ஒரு செடியை வெட்டிய பிளேடை நெருப்பில் காட்டாமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸ் சாறு வழியாகப் பரவும், மருந்து கிடையாது. மாவுப்பூச்சி, செதில்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இலைக் கக்கம்வரை துடைத்தால் போதும்.

கோடை விடுமுறைக்கு என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பீர்கள். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் மூன்று பிள்ளைகள், பெற்றோர் சம்மதத்தோடு, ஆளுக்கு நான்கைந்து தொட்டியாகத் தங்கள் வீட்டு மர நிழலுக்கு எடுத்துப் போகிறார்கள். நோட்டும் கூடப் போகிறது. ஜூனில் திரும்பி வரும்போது சில செடிகள் பள்ளியில் இருந்ததைவிட நன்றாகவே இருக்கின்றன.

இனி நான் சொல்லப்போவது மலையை ஒட்டிய பள்ளிகளுக்கு. நீங்கள் ஆர்க்கிட் வைத்த அடுத்த மாதமே ஒரு பிள்ளை காட்டு ஆர்க்கிட் ஒன்றை உரித்துக்கொண்டு வந்து நிற்பான். எங்களிடமும் வந்தான். வேர்கள் தட்டையாக, மரப்பட்டைத் துணுக்கும் பாசியும் ஒட்டியபடி இருந்தன. நர்சரிச் செடிக்கும் காட்டுச் செடிக்கும் வேற்றுமை காண அந்த வேரே போதும். டீச்சருக்குப் பிடிக்கும் என்று ஆசையாகக் கொண்டுவந்தவனைத் திட்டக் கூடாது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். அவன் அப்பா வேலை செய்யும் காப்பித் தோட்டத்தின் நிழல் மரம் ஒன்றிலிருந்து. மறுநாள் காலையில் அப்பாவும் மகனும் அதே மரத்தில், அதே பக்கத்தில், கொச்சக்கயிற்றால் கட்டிவிட்டு வந்தார்கள். மூன்று மாதத்தில் வேர் பட்டையைப் பிடித்துவிட்டது என்று அவனே வந்து சொன்னான். காட்டுக்குள்ளிருந்து எடுத்தது என்றால் நாமாக உள்ளே போகாமல் வனத்துறை ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே, நாடு விட்டு நாடு போகும் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. நம் காடுகளில் எடுப்பதற்கும் தடை உண்டு. பள்ளிக்குக் கலப்பினம்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. அது ஆய்வகப் புட்டியில் பிறந்தது, எந்த மரத்தையும் வெறுமையாக்கவில்லை. காட்டு ஆர்க்கிட்டைக் காட்ட வேண்டும் என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. களப்பயணத்துக்கு முன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தச் செடி எந்தச் சிற்றினம் என்று அந்தப் பையன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். பூக்கட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வெளியே வராந்தா மேசையில் மூன்று தொட்டிகள் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே தெளிப்பானும் இருக்கிறது. மூன்றும் மூன்று பேரினம். தேநீர் குடித்துக்கொண்டே தண்டையும் வேரையும் பார்த்து எது எதுவென்று சொல்லுங்கள். கெய்க்கிகள் ஐந்து பிரித்துக் கொண்டுவந்திருக்கிறேன், முதலில் கேட்கும் ஐந்து பள்ளிகளுக்கு. அட்டையோடுதான் தருவேன், அட்டையில் ‘பெயர் தெரியாது’ என்றுதான் இருக்கும்.